எடுக்காத இரண்டாவது படம்

அண்ணே,

இன்று காலை உங்கள் வயலில் குருவி விரட்டக் கட்டியிருந்த சிடிகளில் ஒன்று அறுந்து வரப்பில் கிடந்தது. துடைத்துப் பார்த்தால் உங்கள் பெயர், வயது, தஞ்சாவூர் ஆஸ்பத்திரியின் முத்திரை. மாரடைப்பு வந்த அன்று எடுத்த ஆஞ்சியோ படம். அதைக் கையில் வைத்துக்கொண்டு, களவெடுத்து மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றேன்.

அன்று உழவு நடந்துகொண்டிருந்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டீர்கள். ஒரத்தநாட்டில் ஊசி போட்டு, தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், அன்றைக்கே அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னொரு குழாய்லயும் அடைப்பு இருக்கு. ஒரு மாசம் கழிச்சு மறுபடி ஆஞ்சியோ எடுத்துப் பாக்கணும். கண்டிப்பா வரணும்" என்றார் டாக்டர். நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மைக் கையில் கிடைத்தால் அதிகாரிகளிடம் நீங்கள் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "தூர் வாருனீங்க, சரி. கடைமடைக்குத் தண்ணி போச்சான்னு திரும்ப வந்து பாத்தீங்களா?"

டாக்டர் அந்தப் பக்கம் போனதும், "என் கேள்விய எங்கிட்டயே கேக்குறாருடா" என்றீர்கள். போவதாகத்தான் இருந்தீர்கள். காலண்டரில் டாக்டர் சொன்ன வியாழக்கிழமையைச் சுற்றி வட்டம் போட்டும் வைத்திருந்தீர்கள்.

கெடுத்தது நான். நாம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உழுத கோயில் நிலத்தை, நாம் சாகுபடியே செய்வதில்லை என்று மனுப் போட்டுப் பறிக்கப் பார்த்தார் கட்சிக்காரர் ஒருவர். ஆட்சி மாறினாலும் அவர் செல்வாக்கு மாறவில்லை. அந்த விசாரணையும் அதே வியாழக்கிழமைக்கு வந்தது. குத்தகைப் பதிவுச் சட்டம் வந்த புதிதில் உங்கள் அப்பா பதிந்ததிலிருந்து எல்லாம் உங்களுக்குத்தான் மனப்பாடம். எனக்கோ அதிகாரியைக் கண்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"நீங்க இல்லன்னா நிலம் போயிடும்ணே. ஆஸ்பத்திரிய ஒரு வாரம் தள்ளிப்போட்டா என்ன ஆயிடும்?" என்றேன்.

"அதுவும் சரிதான். ஆஸ்பத்திரி எங்கயும் ஓடிடாது" என்று போனை எடுத்தீர்கள். அடுத்த வியாழன் கிடைத்தது.

விசாரணையில் அரை மணி நேரம் பேசினீர்கள். நிலம் நமக்கே நின்றது. வெளியே வந்து டீ குடித்தபோது உங்களுக்கு வியர்த்திருந்தது. பேசிய வேகம் என்று நினைத்துக்கொண்டேன், மடையன். திங்கட்கிழமை வாய்க்கால் மடையைத் திறக்கக் குனிந்தவர் எழுந்திருக்கவில்லை. பார்க்காமல் விட்ட அந்தக் குழாய்தான் அடைத்திருக்கும் என்றார் டாக்டர். மூன்று வருடமாக அந்த நிலத்துச் சோற்றைத்தான் தின்கிறேன். அண்ணியிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இன்று சொல்லிவிடுவது என்று சிடியோடு உங்கள் வீட்டுக்குப் போனேன். அண்ணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்கள். என் கையிலிருந்த சிடியைப் பார்த்தார்கள்.

"எத்தன நாளைக்குப் பொட்டியில வெச்சுப் பாத்துக்கிட்டிருக்கறது? குருவியாவது பயப்படட்டும்னுதான் கட்டுனேன்" என்றார்கள்.

"அண்ணி, அந்த வியாழக்கிழமை அண்ணன ஆஸ்பத்திரிக்குப் போகவிடாம தடுத்தது நான்தான்."

அண்ணி முறத்தைக் கீழே வைக்கவில்லை. "தெரியும் தம்பி. விசாரணைக்குக் கிளம்புறப்ப அவரே சொன்னாரு. 'போறதுக்குள்ள எனக்கு ஏதாவது ஆயிட்டா அவன ஒண்ணும் கேட்டுடாத, அவன் தாங்க மாட்டான்'னாரு. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு மூணு வருஷமாப் பாத்துக்கிட்டிருந்தேன்."

மன்னித்துவிட்டீர்கள் என்று நிம்மதியாகத் திரும்பியிருக்க வேண்டும். முடியவில்லை, அண்ணே. 'ஏதாவது ஆயிட்டா' என்று நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். விசாரணை நடந்த அந்த அலுவலகப் படிகளில் எனக்கு முன்னால் ஏறினீர்களே, பயத்தோடுதான் ஏறியிருக்கிறீர்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று அன்று முழுக்க நான் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.