இரண்டு படிவங்களிலும் இருப்பவன் நான் ஒருவனே

அனுப்புநர்:
சலவைக் கடைக்காரர்,
கல்லூரிப் பின்வாசல் தெரு.

பெறுநர்:
தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்கள்,
கலைக் கல்லூரி.

பொருள்: அரசியல் அறிவியல் மூன்றாம் ஆண்டு மாணவி (பதிவு எண் 17) – கள ஆய்வுக்குப் போட்ட பூஜ்யத்தை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இந்த மனுவை நானே எழுதுகிறேன். நாளுக்கு ஐந்து வரிதான் ஓடுகிறது. தாமதத்தைப் பொறுக்கவும்.

1. மேற்படி மாணவி வாக்காளர்கள் நாற்பது பேரை இரண்டு முறை சந்தித்து, ஒரே கேள்விகளைக் கேட்டு ஆய்வு செய்தார். அதில் இருபத்து மூன்றாம் ஆள் நான். சின்னம் அச்சிடாத வாக்குச்சீட்டைத் தந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். "மடிச்சுப் போட்டுட்டு வருவேன்மா. மடிக்கத்தானே தெரியும்" என்றேன். அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். அவர் நீட்டிய படிவத்தில் கைநாட்டு வைத்தேன்.

2. அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மறுவாரமே தொடக்கப் பள்ளியில் மாலையில் நடக்கும் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். நான்காம் மாதம் என் கடைப் பலகையை நானே படித்தேன். 'அன்றே தரப்படும்' என்று இருந்தது. முப்பது வருடமாக வாடிக்கையாளர்கள் ஏன் சாயங்காலமே வந்து சண்டை போட்டார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. அன்று முழுதும் சந்தோஷமாக இருந்தேன்.

3. ஏழு மாதம் கழித்து மாணவி மறுபடி வந்தார். அதே கேள்விக்கு, "பேரைப் படிச்சுப் போடுவேன்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மை காயும்வரை அவர் படிவத்தை மடிக்கவில்லை.

4. ஆய்வை மதிப்பிட்டவர், ஒரு படிவத்தில் கைநாட்டும் மற்றதில் கையெழுத்தும் இருப்பதைப் பார்த்து, இரண்டும் ஒரே ஆளுடையவை அல்ல, மாணவியே எழுதிக்கொண்டவை என்று முடிவு செய்துவிட்டார். "எழுபத்தோரு வயசுக்காரர் ஏழு மாசத்துல படிச்சிட்டாரா? யாருக்கும்மா காது குத்துற?" என்று கேட்டாராம். மாணவியின் அறைத்தோழி சொன்னார். பட்டம் பெறுவோர் பட்டியல் இருபதாம் தேதி முடிகிறது. அதில் அவர் பெயர் இல்லை.

5. மாணவி அழவில்லை. யாரிடமும் முறையிடவும் இல்லை. தேய்த்த துணியை எண்ணிப் பார்க்காமல் வாங்கிப் போகிறார். கேட்டால், "விடுங்க தாத்தா" என்கிறார். எனக்கும் மனம் மரத்துப் போயிருக்கிறது. இஸ்திரிப் பெட்டி விரலில் பட்டாலும் உறைப்பதில்லை. நான் மறுபடியும் கைநாட்டே வைத்திருந்தால் அவர் தேறியிருப்பார். அது மட்டும் தெரிகிறது.

6. கீழே கையெழுத்தும் போட்டு, பக்கத்தில் பெருவிரலும் பதித்திருக்கிறேன். இரண்டு படிவங்களோடும் ஒத்துப் பாருங்கள். வகுப்பின் வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். இரண்டே நாள்தான் போகாமல் இருந்தேன். அழைத்தால் தங்கள் முன் உட்கார்ந்து எழுதுகிறேன். எந்தத் தாளைக் கொடுத்தாலும் படிக்கிறேன். கொஞ்சம் நேரம் தரவேண்டும்.

மாணவிக்குத் தெரியாமல் இதை எழுதியிருக்கிறேன். பூஜ்யத்தை நீக்கி, இருபதாம் தேதிக்குள் அவர் பெயரைச் சேர்த்து, அதைத் தெரிவிக்கும் கடிதத்தை என் கடை முகவரிக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அவரை உட்காரவைத்து நான் படித்துக் காட்டவேண்டும். இதுவரை யாருக்கும் எதையும் நான் படித்துக் காட்டியதில்லை.

இடம்: கல்லூரிப் பின்வாசல் தெரு
நாள்: ஏப்ரல் 11

இப்படிக்கு,
(கையொப்பம்) (இடது பெருவிரல் ரேகை)
சலவைக் கடைக்காரர்,
படிவ எண் 23