நம் மைதானத்தில் நடக்க வேண்டிய ஆட்டம்

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன், மன்னியுங்கள். நான் நலம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம் கால்பந்து அணி, நம் மைதானத்தில் ஆட வேண்டிய லீக் ஆட்டம் ஒன்றை நான் வேலை செய்யும் இந்த நாட்டில் ஆடப்போகிறதாமே! சனிக்கிழமை இங்குள்ள ரசிகர்கள் கூடி அதைப் பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள். நானும் கடைசி வரிசையில் இருந்தேன்.

"அங்க வாராவாரம் வர்றவங்க வயித்தெரிச்சலைக் கொட்டிக்கலாமா?" என்றார் ஒரு லாரி ஓட்டுநர்.

"ஒரு மேட்ச்தானேண்ணே, குடியா முழுகிடும்?" என்ற என் அறைத்தோழி, என்னைப் பிடித்து எழுப்பிவிட்டாள். "இவளையே கேளுங்க, அந்த ஊர்க்காரி!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அவங்க ஒண்ணும் நினைக்க மாட்டாங்க, டிவில பாத்துக்குவாங்க" என்று சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள்.

ஆட்டத்துக்கு முந்தின நாள் முழுக்க நீங்கள் குனிந்து குனிந்து மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். நம் அணி இங்கே வந்தால் வீடே வந்த மாதிரி இருக்கும் என்ற ஆசையில் வாய் முந்திக்கொண்டது. வெட்கமாக இருக்கிறது, அப்பா.

என் பழைய போர்வையை அனுப்பும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கே வாங்கியது பழகவில்லை. பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்

இன்னும் ஒன்று. ஆட்டத்தை மாற்றக் கூடாது என்ற மனுவில் நீங்கள்தான் முதல் கையெழுத்து என்று அம்மா சொன்னாள். கடைசியிலாவது என் பெயரையும் எழுதிவிடுங்கள்.