மஞ்சுளா, மாரியாகப் பேசிய மதியம்

காலையில் ராயக்கோட்டை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டுக்கு ஒருவர் கம்பெனி யூனிஃபார்மோடு வந்தார். உட்கார்ந்ததுமே தூங்கிவிட்டார். சட்டையில் மெஷின் ஆயில் வாசனை. ஜன்னலுக்கு வெளியே ஒரே பனி. மலையும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. அந்த வாசனையோடு நீங்கள் நினைவுக்கு வந்துவிட்டீர்கள் டீச்சர்.

ஓசூரில் நாம் சேர்ந்து வேலை பார்த்த காலம். ஏழாம் வகுப்பு ஏ பிரிவு எனக்கு, பி பிரிவு உங்களுக்கு, நடுவில் ஒரு தட்டி. என் பக்கம் சண்டை வந்தால் ஐந்து நிமிடம்தான்: சாரி சொல்லு, கை குடு, போ. உங்கள் பக்கமோ சாப்பாடு ஆறிப்போகும்வரை நீளும். "இன்னும் பஞ்சாயத்து முடியலையா?" என்று கிண்டல் செய்வேன். "என்னா அவசரம் டீச்சர், பஸ்ஸா போயிடுது?" என்பீர்கள்.

உங்கள் வழக்கமே தனி. சண்டை போட்டவர்கள் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருத்தி மனக்குறையைச் சொன்னால், மற்றவள் அதைத் தனக்கே நடந்ததுபோல் 'நான்' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முதலில் சொன்னவள் "ஆமா, அதான்" என்கிறவரை இருவரும் எழக் கூடாது. சாரி மட்டும் நீங்கள் கேட்டதே இல்லை. "அது வாயோட போயிடும் டீச்சர்."

உங்கள் வகுப்பு மாரிச்செல்வி திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். அப்பாவுக்கு இங்கே கம்பெனி வேலை. அவள் "ஏட்டி" என்று கூப்பிடுவதை மஞ்சுளா அப்படியே பேசிக் காட்டுவாள், வகுப்பே சிரிக்கும். மஞ்சுளா வீட்டில் பேச்சு தெலுங்கு. அவள் தமிழைக் கேட்டு யாரும் சிரித்ததில்லை. ஒருநாள் மாரி அவள் சடையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளிவிட்டாள்.

மறுநாள் மதியம் மாரியின் அப்பா, நைட் ஷிஃப்ட் முடிந்து தூங்காமலேயே, சட்டையில் அதே ஆயில் வாசனையோடு என்னிடம் வந்தார். "டிசி குடுத்துருங்க டீச்சர். ஊர்ல சித்தி வீட்ல இருந்து படிக்கட்டும். தெனம் ஒரு சண்டைன்னா நான் எப்பதான் தூங்க?" அவரை உங்கள் வகுப்புக்கு அழைத்து வந்தேன். உள்ளே பிள்ளைகள் இருவர், நீங்கள், வெயில். மாரி மஞ்சுளாவாகப் பேசி முடித்திருந்தாள். இப்போது மஞ்சுளா மாரியாகப் பேச வேண்டிய முறை. வாசலில் நின்ற எங்களை அவர்கள் பார்க்கவில்லை.

"நான் பேசினா எல்லாரும் சிரிக்கிறாங்க," என்றாள் மஞ்சுளா. "வீட்டுல சொல்ல மாட்டேன். எங்கப்பா நைட் ஷிஃப்ட் முடிச்சுட்டு அசந்து வருவாரு. சொன்னா ஊருக்கு அனுப்பிடுவாரு. அப்புறம் எங்கப்பாவ நான் எப்பப் பாப்பேன்?" கடைசி வார்த்தையில் அவளுக்கே அழுகை வந்துவிட்டது.

மாரி தலை நிமிராமல், "ஆமா, அதான்," என்றாள்.

என் பக்கத்தில் நின்ற மாரியின் அப்பா வாசலிலிருந்து ஓரடி பின்வாங்கினார். "டிசி வேண்டாம் டீச்சர், புள்ள இங்கனயே இருக்கட்டும்," என்றார். பிறகு வெயிலில் இறங்கி வேகமாக நடந்துவிட்டார். நீங்களோ ஒன்றுமே நடக்காததுபோல், "போங்கடி, கை கழுவிட்டுச் சாப்பிடுங்க," என்றீர்கள். அன்றைக்கு உங்கள் மேல் எனக்கு வந்த பொறாமையை என்ன சொல்ல!

நீங்கள் கண்மூடிய பிறகு, என் வகுப்பிலும் பிள்ளைகளை எதிரெதிரே உட்கார வைக்கிறேன். அவர்கள் வாய் திறக்கும்வரை பொறுத்திருப்பது எனக்கு இன்னும் கஷ்டம்தான். அந்த அமைதியில் நீங்கள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். சேலை உரசுவதுபோல்கூட இருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் இருக்கிறேன். பிள்ளைகள் ராசியாகி எழுந்து ஓடியதும் நீங்களும் போய்விடுகிறீர்கள், நான் மட்டும்தான் மிச்சம். அதனால்தான் டீச்சர், இப்போதெல்லாம் நானும் அவசரப்படுத்துவதில்லை.