நம் சமையலறை வழியே போகும் சாலை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா, உன் மாமா, நான் மூவரும் உடம்பளவில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனத்தைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் இத்தனை தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே குளிருக்குத் தக்கபடி போர்த்திக்கொண்டு, புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிடாமல், நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இதற்கு ஒரு நாள் முன்போ பின்போ உனக்கு இன்னும் இரண்டு உறைகள் வரும். ஒன்று அப்பா அனுப்பிய சம்மதப் பத்திரம், மற்றது மாமா அனுப்பிய சம்மதப் பத்திரம். இரண்டிலும் கீழே கோடு போட்டு உன் கையெழுத்துக்கு இடம் விட்டிருப்பார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு முதலில் இதைப் படி.

ரயில் நிலையத்திலிருந்து, ஊருக்கு வெளியே வரப்போகிற இயந்திரத் தொழிற்சாலை வரைக்கும் அறுபது அடிச் சாலை ஒன்று போடப்போகிறார்கள் என்று முன்பே எழுதியிருந்தேன். அதற்கான படம் இப்போது தயாராகிவிட்டது. அது நம் தெருவில் இருபத்திரண்டு வீடுகளின் மேல் ஏறிப் போகிறது, கடைசி வீடு நம்முடையது, நம் வீட்டிலும் சரியாகச் சமையலறை. கோட்டை வரைந்தது வேறு யாரும் இல்லை, உன் அப்பாதான். நகராட்சியில் இத்தனை வருடம் சாக்கடையும் சுற்றுச்சுவரும் வரைந்துகொண்டிருந்தவருக்கு இப்போதுதான் நாட்டுக்கு உபயோகமாக ஒரு கோடு போடக் கிடைத்ததாம். பொறியாளர் படத்தைப் பார்த்துவிட்டு, இது உங்கள் வீடு ஆயிற்றே, முனையில் கொஞ்சம் வளைத்தால் தப்பிவிடுமே என்று அவராகவே சொல்லியிருக்கிறார். அதற்கு உன் அப்பா, என் வீட்டுக்காக நாட்டின் சாலை வளையக் கூடாது என்று பதில் சொன்னாராம். இதை வீட்டுக்கு வந்து பெருமையாக என்னிடமே சொன்னார், நான் அப்போது அந்தச் சமையலறையில்தான் நின்றுகொண்டிருந்தேன். மற்ற இருபத்தொரு வீட்டுக்கு வளையாத கோடு நமக்கு மட்டும் வளைவது எனக்கும் பிடிக்காது, அதில் எனக்குக் கோபம் இல்லை. மூன்று மாதம் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு என் கையால் காபி வாங்கிக் குடித்தவர், ஒரு வார்த்தை சொல்லவில்லை பார், அதுதான்.

உன் தாத்தா மூட்டை தூக்கிச் சேர்த்து, பத்திரத்தில் கைநாட்டு வைத்து வாங்கிய வீடு இது. என் பெயரிலும் உன் பெயரிலும் எழுதிவைத்துவிட்டுப் போனார். அதனால் இடிப்பதானாலும் சரி, எடுப்பதானாலும் சரி, நம் இருவர் கையெழுத்து வேண்டும். அந்த ஒரு காரணத்தால்தான் உனக்கும் எனக்கும் திடீரென்று இத்தனை மரியாதை.

உன் மாமாவின் கதை வேறு. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி முடித்து, பள்ளிக்கூடம் விட்டதும் நேரே இங்கே வந்துவிடுகிறான், தன் வீட்டில் அவனுக்குப் பேச்சுத் துணை இல்லையாம். பெரிய இயந்திரம் வந்தால் நூறு பேர் கை சும்மா போய்விடும், ஒவ்வொரு தெருவும் தனக்கு வேண்டிய துணியையும் சோப்பையும் சிலேட்டையும் தானே செய்துகொள்ள வேண்டும், அதற்குத்தான் வெள்ளைக்காரனை அனுப்பினோம் என்பது அவன் கட்சி. ஆகவே இந்த வீட்டைச் சாலைக்குக் கொடுக்கக் கூடாது, தெருவின் பொதுப் பட்டறையாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும், நம் சமையலறையில் அடுப்பு பெரிது என்பதால் சோப்புக் காய்ச்சும் இடம் அது. பட்டறைக்கு நான் தலைவியாம். தீர்மானம் எழுதி, என் பெயர் போட்டு, படித்துக் காட்டிய பிறகுதான் எனக்கே தெரியும். போன மாதம் மாதிரிக்கு ஒரு தரம் காய்ச்சிப் பார்த்தான். மூன்று நாள் வீட்டில் யாரும் மூச்சு விட முடியவில்லை, கட்டியான பிறகு தேய்த்தால் நுரை வரவில்லை, தோல் வந்தது. உன் அப்பா அதில் ஒரு கட்டியை எடுத்துப் படத்தின் மூலையில் காற்றுக்குப் பறக்காமல் பாரமாக வைத்திருக்கிறார்.

ஆக, ஒருவர் சொல்கிற இந்தியாவில் நம் வீடு சாலை, இன்னொருவர் சொல்கிற இந்தியாவில் நம் வீடு பட்டறை. இரண்டிலும் நான் எங்கே படுப்பேன் என்று இருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தினமும் சாயங்காலம் இதே பேச்சு. மாப்பிள்ளை, நீங்க சோப்புக் காய்ச்சி முடிக்கிறதுக்குள்ளே அடுத்த தேசத்துக்காரன் ஆகாசத்துல ஏறிடுவான் என்று இவர் சொல்வார். ஏறட்டும் அத்தான், இறங்கி வந்தா நிக்க அவனுக்கும் ஒரு வீடு வேணுமில்ல என்று அவன் சொல்வான். பேசப் பேசக் குரல் ஏறும், குரல் ஏற ஏறக் காபி கேட்கும். நாட்டுக்கு வழி சொல்கிற இரண்டு பேரும் குடித்த டம்ளரை எடுத்துத் தொட்டியில் போட்டு நான் பார்த்ததில்லை.

இதில் நீ செய்த காரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. மூன்று வாரத்துக்கு முன் வாக்குவாதம் முற்றி, உன் அப்பா சட்டைப் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்தார். ஒரு வீடு போய் ஒரு நாடு எழும் என்றால் போகட்டும் அப்பா, உங்களைப் போன்றவர்களால்தான் நாடு முன்னேறும் என்று நீ எழுதியிருந்ததை நிறுத்தி நிறுத்திப் படித்தார். உன் மாமா தன் பையைத் திறந்து இன்னொரு கடிதத்தை எடுத்தான். மாமா, நீங்கள் சொல்கிற வழிதான் மனிதர்களுக்கான வழி, இயந்திரம் படிக்கிற எனக்கே அது தெரிகிறது என்று அதில் இருந்தது. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே மை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அன்றைக்கு மட்டும் யாரும் இரண்டாவது காபி கேட்கவில்லை. எனக்கு நீ எழுதிய கடிதத்தில் கோட்டுப் பொத்தான் அறுந்துவிட்டது, அதே அளவில் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தாய். இருவருக்கும் இனிக்கிற மாதிரி எழுத உனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை, என்னிடம் அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

பின்கட்டில் குடியிருக்கிற தையல்காரம்மா இந்தச் சத்தத்தை எல்லாம் சுவர் வழியே கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். ஒரு நாள் மத்தியானம் துணி உலர்த்தும்போது என்னிடம் வந்து, அக்கா, ரோடு வந்தா என் மெஷினை எங்கே போடுறது என்று கேட்டாள். சண்டை போடுகிற குரல் இல்லை, அளவு கேட்கிற மாதிரி கேட்டாள். உள்ளே வந்து அப்பா கொண்டுவந்திருந்த சாலைப் படத்தின் நீலப் பிரதியை மேசைமேல் விரித்துப் பார்த்தேன். நாற்பது அடிக்கு ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டு வரைந்திருக்கிறார். நம் சமையலறை கால் அங்குலம்கூட இல்லை. அவர் போட்ட கோட்டின் தடிமனே தரையில் முக்கால் அடி வரும். தையல்காரம்மாவும் அவள் பெண்கள் இருவரும் இருக்கிற பின்கட்டு அதில் இல்லவே இல்லை, படத்துக்கு ஆதாரமாக எடுத்த அளவு பழசு. மாமாவின் தீர்மானத்தையும் எடுத்துப் பார்த்தேன், பின்கட்டு என்ற இடத்தில், சோப்புக்கு வேண்டிய சாம்பல் கிடங்கு என்று எழுதியிருந்தான்.

ஆட்சேபம் உள்ளவர்கள் எழுத்தில் கொடுத்து நேரில் வந்து சொல்லலாம் என்று நகராட்சிச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நாலு பேர் நடுவில் என் பெயரைக் கூப்பிட்டாலே நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன் என்று உனக்குத் தெரியும். நீ ஐந்தாம் வகுப்பில் கணக்குப் போட்ட மேசையின் மறுபக்கம் உட்கார்ந்துதான் நான் பட்டப் படிப்புத் தேர்வுக்குப் படித்தேன், நம் குடும்பத்தில் முதல் பட்டம் என்று தாத்தா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனார், அதோடு அது பெட்டிக்குள் போய்விட்டது. நீலப் பிரதியைப் பார்த்த அன்றைக்கே இருவரிடமும் சொல்லாமல் ஆட்சேபத்தை எழுதினேன், பெயருக்குப் பக்கத்தில் பட்டத்தையும் போட்டேன். தெருவில் எழுதத் தெரியாதவர்கள் ஆறு பேர் வந்து கேட்டார்கள், அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தேன்.

விசாரணை நாளன்று நகராட்சிக் கூடத்துக்குப் போனேன், அங்கே மின்விசிறி ஒன்றுதான், அது பொறியாளர் தலைக்கு மேலே. சுவரில் படம் தொங்கியது, பக்கத்தில் முக்காலியில் உன் அப்பா, கேட்டால் விளக்கம் சொல்வதற்காக. என்னைப் பார்த்ததும் சாப்பாடு கொண்டுவந்திருக்கிறேன் என்று நினைத்துப் பாதி எழுந்தார். எழுத்தர் பதினான்காம் எண் என்று கூப்பிட்டதும் நான் முன்னால் போய் நின்றேன், அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர் சம்மதத்தோடு வந்திருக்கிறாயா என்று எழுத்தர் கேட்டார், அவர் அங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள் என்றேன். கூடத்தில் சிரித்தார்கள். பொறியாளர், அம்மா, நீங்கள் தொழிற்சாலை வேண்டாம் என்கிற கட்சியா என்று கேட்டார். கடைசி வரிசையில் உன் மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நான் எந்தக் கட்சியும் இல்லை. எழுதிக்கொண்டு போனதில் பாதி மறந்துவிட்டது, நினைவிருந்ததைச் சொன்னேன்.

“ரோடு எங்கே போகுதுன்னு படத்துல இருக்கு. இந்த இருபத்திரண்டு வீட்டு ஜனம் எங்கே போகும்னு எங்கே இருக்கு?”

பொறியாளர் படத்தைப் பார்த்தார். பிறகு உன் அப்பாவைப் பார்த்தார். உன் அப்பா, அது வேற படம் என்றார். அந்தப் படம் எங்கே என்று நான் கேட்டேன், இருபத்து மூன்று வருடத்தில் அவரிடம் நான் அப்படிக் கேட்டதில்லை. அவர் கையில் இருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“இன்னும் வரையல.”

அந்தப் படம் வரும்வரை ஒரு வீட்டிலும் கை வைக்க வேண்டாம், அடுத்த மாதம் மறுபடி கூடலாம் என்று பொறியாளர் எழுதிக்கொண்டார். அதைத் தவிர நான் ஒன்றும் சாதித்துவிடவில்லை, சாலை வந்தாலும் வரும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன் அப்பா பத்தடி முன்னால் நடந்தார். மாமா என் பக்கத்தில் நடந்துகொண்டு, அக்கா, நம்ம பக்கம் ஜெயிச்சுட்டோம் என்றான். உன் பக்கமும் இல்லை, உன் சாம்பல் கிடங்கில் மூன்று பேர் குடியிருக்கிறார்கள், போய்ப் பார் என்றேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது, இரண்டு நாள் வரவில்லை.

மூன்றாம் நாள் காலை உன் அப்பா அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். தனியாக அளக்க முடியாது, ஒரு முனையை யாராவது பிடிக்க வேண்டும் என்று தெருவைப் பார்த்துச் சொன்னார். நான் போய்ப் பிடித்தேன். இருபத்திரண்டு வீட்டுக்கும் போனோம். அவர் நீள அகலம் கேட்பார், நான் எத்தனை பேர், என்ன வேலை என்று கேட்டு எழுதுவேன். தையல்காரம்மாவுக்கு வடக்கே ஜன்னல் வேண்டும், ஊசியில் நூல் கோக்க வெளிச்சம் என்று நான் சொன்னதற்கு, படத்தில் அதற்குக் குறி இல்லையே என்று முணுமுணுத்தார், பிறகு ஒரு குறி போட்டார். நேற்றிலிருந்து மாமாவும் வந்து நாடாவைப் பிடிக்கிறான். இருபத்திரண்டு வீட்டு ஜனமும் குடியேறப்போகிற இந்தப் புது வீடுகள் தொழிற்சாலையின் பக்கம் அமைய வேண்டுமா, கிணற்றைச் சுற்றி அமைய வேண்டுமா என்று நாடா தொங்கத் தொங்க நடுத்தெருவில் சண்டை. எனக்குக் கை வலிக்கிறது.

இருபத்தொரு வீடு வரைந்தாகிவிட்டது. நம்முடையது மட்டும் பாக்கி. இன்று காலை அவர் பென்சிலைச் சீவிக்கொண்டே, சமையலறை எந்தப் பக்கம் வேண்டும் என்று என்னைக் கேட்டார். இதை என்னிடம் யாரும் கேட்டதில்லையே, கிழக்கே என்று சொல்லிவைத்தேன். அடுத்து, பையனுக்கு ஓர் அறை போடுவதா என்று கேட்டார். படிப்பு முடிந்து திரும்பி வருவதைப் பற்றி நீ இரண்டு வருடமாக ஒரு கடிதத்திலும் எழுதவில்லை என்பதை அவரும் கவனித்துத்தான் இருக்கிறார். உன்னையே கேட்டு எழுதுகிறேன் என்றேன். அந்த இடத்தை மட்டும் கோடு போடாமல் விட்டு வைத்திருக்கிறார்.

உன் அப்பாவுக்கு ஒன்று, மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதாமல், மூவருக்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுது. வருவாயா மாட்டாயா என்று ஒரு வரி போதும். வரமாட்டாய் என்றால் அதையும் எழுது, அந்த இடத்தில் தையல்காரம்மாவின் ஜன்னலைக் கொஞ்சம் அகலமாக வைக்கலாம், எனக்கு வருத்தம் இருக்கும், ஆனால் படம் அடுத்த மாதம் இருபதாம் தேதிக்குள் கொடுத்தாக வேண்டும். எங்கே இருந்தாலும் உடம்பும் அறிவும் குறையாமல், நாலு பேருக்கு வேண்டியவனாக நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். சம்மதப் பத்திரங்கள் இரண்டையும் கையெழுத்து இல்லாமலே திருப்பி அனுப்பிவிடு, மறந்துவிடாதே. பொத்தான்கள் நான்கு இதனுடன் வைத்திருக்கிறேன், நீயே தைத்துக்கொள்.

உன் பதிலுக்காக இடம் விட்டுக் காத்திருக்கும்,
அம்மா