தெரியாத நம்பர்

ஐப்பசி மாசம், புதன்கிழமை ராத்திரி.

எங்கள் முதியோர் எழுத்து வகுப்பில் இந்த வாரம் செல்போன் பாடம். "தெரியாத நம்பர் வந்தா எடுக்காதீங்க தாத்தா. தடுன்னு எழுதியிருக்கும், அமுக்கிடுங்க" என்றது டீச்சரம்மா. மத்தியானம் அப்படி ஒரு நம்பர் வந்தது. 'தடு' என்று நானே எழுத்துக் கூட்டிப் படித்து அமுக்கினேன். அவ்வளவு சந்தோஷம். டீக்கடையில் எல்லோரிடமும் சொன்னேன்.

சாயங்காலம் மகள் மேரி ஓடி வந்தாள்.

"இன்னாப்பா பண்ண? அண்ணன் புது நம்பர்லருந்து உனக்குப் பண்ணுச்சாம். நீ கட் பண்ணிட்டியாமே! அப்பாவுக்கு இன்னும் கோவம் போவலன்னு அழுவுது."

என் மகன், என்னோடு சண்டை போட்டுக்கொண்டு திருப்பூர் போனவன். வருஷக்கணக்காக அந்தக் குரலுக்குத்தான் காத்திருந்தேன். மேரியிடம் அழுததற்கப்புறம் அவள் எத்தனை தடவை கூப்பிட்டும் போனை அணைத்தே வைத்திருக்கிறான்.

தடுத்ததை மாற்ற மேரிக்கும் தெரியவில்லை, வகுப்பில் அந்தப் பாடம் இன்னும் நடக்கவில்லை. போனில் இருக்கிற வார்த்தைகளை எல்லாம் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டேன். 'விடு' என்று எங்கேயும் இல்லை. விடிந்ததும் ஓரிக்கைக்குப் போய் டீச்சரம்மா வீட்டு வாசலில் நிற்கப் போகிறேன்.

இப்போது அவன் மனசு மாறிக் கூப்பிட்டாலும் இந்தப் போன் அடிக்காது. அப்படியும் காதுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.