அம்மாவுக்கு நான் வாசிக்காத முப்பது பக்கங்கள்

அன்பான என் பெரியம்மாவுக்கு,

லண்டன் பத்திரிகை உங்கள் அஞ்சலிக் குறிப்பில் உங்களைப் 'பிரித்தானிய நாவலாசிரியர்' என்று எழுதியிருக்கிறது. பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபது வருடம் படுக்கை விரிப்பு மடித்தது, சாப்பாட்டு நேரத்தில் பழைய தாள்களின் பின்பக்கம் எழுதியது, 'போர் இன்னும் கொஞ்சம் வேண்டும்' என்ற பதிப்பகத்திடமிருந்து பிரதியைத் திருப்பி வாங்கியது எல்லாம் இருக்கிறது. நாற்பத்தெட்டு வயதில் முதல் நாவல். பிறகு இரண்டு. கடைசியில் ஒரு வரி: யாழ்ப்பாணத்தில் கூடப் பிறந்த ஒரே தங்கையுடன் ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை.

அந்த வரிக்குக் காரணம் நான்.

உங்கள் முதல் நாவல் அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. இங்கிலீஷ் நாவல் வாசிக்கத் தெரிந்தது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான். "அக்கா என்னைப் பற்றி எழுதியிருக்கிறாவாம். வாசிச்சுச் சொல்லு பிள்ளை" என்றார் அம்மா.

தினமும் பத்துப் பக்கம், தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். கதையில், விரும்பியவரைக் கல்யாணம் செய்த அக்கா, மறுநாள் மத்தியானம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறாள். தகப்பனுக்குப் பயந்து தங்கை கதவைத் திறக்கவில்லை. அம்மா வெங்காயம் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்தார்.

"அதுக்குப் பிறகு?"

பக்கத்தைத் திருப்பினேன். அக்காவும் புதுப்புருஷனும் ஒரு விடுதி அறையில். முத்தம், அதற்கு மேலும். இதை அம்மாவிடம் எப்படித் தமிழில் சொல்வது? முகம் சுட்டது. புத்தகத்தை மூடிவிட்டேன்.

"அவ்வளவுதான் அம்மா. கதை முடிஞ்சுது."

"கதவோடயே முடிச்சுப்போட்டாவோ?" அம்மா கத்தியை மறுபடி எடுத்தார். "அப்ப அவாவுக்கு அது மட்டும்தான் ஞாபகம்."

அதன் பிறகு உங்கள் போன் வந்தால் அம்மா எடுப்பதில்லை. வேறு ஏதோ கோபம் என்று நினைத்துக்கொண்டேன். இல்லை, அப்படி நினைக்க எனக்கு வசதியாக இருந்தது. மிச்ச முப்பது பக்கத்தை நானும் வாசிக்கவே இல்லை.

நீங்கள் காலமான செய்தி வந்த அன்றுதான் வாசித்தேன், யூனிவர்சிட்டி கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து. யாரிடமும் சொல்லாத ஒன்றை அக்கா கடைசி அத்தியாயத்தில் சொல்கிறாள். அன்று கதவு திறக்காத தங்கை, பக்கத்து ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு நீலத் துணிப்பையைத் திணித்தாள். இரண்டு சேலை, அக்காவின் பள்ளிக்கூடச் சர்டிபிகேட். 'என் வாழ்க்கை முழுவதும் அந்தப் பையில் இருந்து வந்தது' என்று எழுதியிருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டிக்கொண்டே அம்மாவிடம் சொன்னேன். ஃப்ரீவேயில் என்றால் முகத்தைப் பார்க்க வேண்டாமே. எங்கள் எக்ஸிட்டில் திரும்பினேன். "வீட்ட போய் வாசி" என்றார் அம்மா.

"அந்த ரூம் சீனை விடட்டா அம்மா?"

"ஏன், நான் என்ன குழந்தைப்பிள்ளையே? எல்லாத்தையும் வாசி."

காது எரிய எரிய வாசித்தேன். பை வந்த இடத்தில் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். "நீலப் பை இல்லை. பச்சை. நாவல் எழுதுறன் எண்டு எல்லாத்தையும் மாத்திப்போடுவா." சிரித்தார். அப்புறம் அழுதார். "தெரிஞ்சிருந்தா கதைச்சிருப்பன் பிள்ளை" என்று மட்டும் சொன்னார். என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

தங்கச்சி கடைசிப் பக்கம் வரை வாசித்த பிறகும் பேசவில்லை என்றுதானே நினைத்திருப்பீர்கள், பெரியம்மா? எத்தனை முறை போன் செய்து பார்த்தீர்கள்?

அடுத்த வாரம் உங்கள் முப்பத்தோராம் நாள் சடங்குக்கு நானும் அம்மாவும் லண்டன் வருகிறோம். அங்கே எல்லோருக்கும் அம்மா கல்நெஞ்சுக்காரி. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி நான். பட்டம் வாங்க மேடை ஏறவே பயந்தவள். ஆனாலும் உங்கள் வீட்டில், எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று நான் செய்ததைச் சொல்வேன். அம்மா பக்கத்தில் இருக்கும்போதே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியின் மகள்