மூலை விட்ட கட்டங்கள்

திண்டிவனம்,
வியாழக்கிழமை.

அன்புத் தம்பி தேவாவுக்கு,

உன் அக்கா லூர்துமேரி எழுதுவது. நலம் என்று எழுதப் போனேன். கை வரவில்லை. அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த வரிக்கு வந்துவிட்டேன். மகள் கலைப்பிரியா பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு மண்டியில் மல்லாட்டைக் கடலையில் சொத்தை பொறுக்கும் வேலை தினமும் இருக்கிறது. மும்பையில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று தெரியவில்லை. போன் செய்தால் “ஷிப்ட்ல இருக்கேன்க்கா, அப்புறம் பேசறேன்” என்பாய். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை, அதனால்தான் கடிதம். இன்னொரு காரணமும் உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் படி.

கிரிக்கெட் போட்டி ரத்தான அன்று நீயாகத்தான் கூப்பிட்டாய். வெளிநாட்டில் உன் மாமா வேலை செய்யும் ஸ்டேடியத்திலிருந்து எல்லாரையும் வெளியேற்றிவிட்டார்கள், அந்தச் செய்தியை உங்கள் டி.வி. சேனலுக்கு எழுதினதே நீதான் என்று சொன்னாய். அங்கே சண்டை ஆரம்பித்து மூன்று நாளாக அவர் போன் கிடைக்காமல், புருஷன் இருக்கிறாரா என்று தெரியாமல் நான் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தேன். உடனே டி.வி.யைப் போட்டேன். ‘மைதானத்தில் இருந்த அனைவரும் பத்திரமாக வெளியேற்றம்’ என்று கீழே ஓடியது. மறுநாளே கோயிலில் நன்றிப் பூசை வைத்தேன். சாமியார் உன் மாமா பெயரை, சவுரிராயன் என்று நிறுத்தி வாசித்தார். நான் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். இப்போது அதை நினைத்தால் கூசுகிறது.

பூசை முடிந்து மூன்றாம் நாள் உங்கள் சேனலில் அந்தப் படம் வந்தது. மேலே பறந்து எடுத்த படம். பச்சைப் புல்லில் வரிசையாக வெள்ளைக் கட்டங்கள். புதிதாகக் கோடு போட்டிருக்கிறார்கள், போட்டியை மறுபடி நடத்த ஏற்பாடு நடப்பதாகத் தெரிகிறது என்று செய்தி வாசித்த பெண் சிரித்த முகமாகச் சொன்னாள். கிரிக்கெட்டுக்கு எதற்கு இத்தனை கட்டம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. என் கண்ணில் பட்டது வேறு. ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு மூலை மூடாமல் இருந்தது.

உனக்கும் அது ஞாபகம் இருக்க வேண்டும். விழுப்புரத்து மைதானத்தில் பதினாறு வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்டவர் உன் மாமா. கட்டத்துக்கு உள்ளே நின்றுதான் போடுவார். ஈரக் கோட்டை மிதிக்காமல் வெளியே வர, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு மூலையை விட்டுவைப்பார். காய்ந்த பிறகு மூட வேண்டும், மறந்துவிடுவார். பி.டி. மாஸ்டர் திட்டினால் “வெளிய வர்றதுக்கு ஒரு வழி வேணும்ல சார்” என்பார். நீ பள்ளி ஓட்டப் பந்தயத்தில் ஓடிய வருஷம் வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டினாய், நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அதனால் படத்தைப் பார்த்ததும் அவர் கைதான் என்று தெரிந்துவிட்டது. தெருவையே கூப்பிட்டுக் காட்டினேன், எங்க வீட்டுக்காரர் போட்ட கோடு டி.வி.யில வருது பாருங்க என்று. மறுநாள் மண்டியில் என்னோடு வேலை செய்யும் சின்னபொண்ணு மட்டும், எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள் என்றால் கோடு போட்டது யார் என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் எதிர்க்கேள்விதான் என்று எரிந்து விழுந்தேன்.

கோடு போட்டது யார், எதற்கு என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. நம் பக்கத்துக் கிராமம் பிரம்மதேசத்துப் புகழேந்தி உன் மாமாவோடு அங்கே புல் வெட்டுகிறவன். அவன் எப்படியோ பக்கத்து நாட்டுக்குத் தப்பிப் போய், தன் போனில் உன் மாமா பேசிக் கொடுத்த வாய்ஸ் மெசேஜை அங்கிருந்து அனுப்பினான். நான் கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

“மேரி, வெளாட்றவங்கல்லாம் மத்தியானமே பஸ்ஸுல போய்ட்டாங்க. எங்க பாஸ்போர்ட்டு ஆபீஸுல பூட்டிக் கெடக்குது. சாயங்காலம் பட்டாளத்துக்காரனுங்க லாரில ஆளுங்கள இட்டுக்கினு வந்தானுங்க. கண்ணக் கட்டி, கைய பின்னால கட்டி. பாத்தா நம்மள மாதிரி ஊரு ஜனங்கதான், காலுல செருப்புகூட இல்ல. ஒரு கட்டத்துக்கு இருவது பேரு, கோடு போடுன்னான். போட்டுக்கினு இருக்கேன். கோட்டத் தாண்டுனா சுட்டுர்றானுங்க மேரி. நான் போட்ட கோடு.”

அதற்குப் பிறகு தூரத்தில் யாரோ எண்ணுவது போல் ஒரு சத்தம் கேட்கிறது. பிறகு, இதை யாருக்கும் அனுப்பாதே, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்கிறார். அதே மூச்சில் தேவாவிடம் மட்டும் சொல் என்கிறார். போனில் சொல்லாதே என்றும் சொல்கிறார். சொல்வதா, சொல்லாமல் இருப்பதா? சொன்னால் அவருக்கு என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அந்தக் கட்டத்துக்குள் உட்கார்ந்திருப்பவர்களுக்கு யார் இருக்கிறார்கள்? எந்தப் பட்டாளம், எவர் பக்கம் நியாயம், எனக்கு ஒன்றும் புரியவில்லை. மண்டியில் சொத்தையை நல்ல மல்லாட்டையோடு போட்டுவிட்டு ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் டி.வி.யைப் பார்த்தால் இன்னும் குழப்பம். இறுதிப் போட்டி எந்த நாட்டுக்கு மாறும், புள்ளியை எப்படிப் பிரிப்பார்கள், கேப்டனுக்கு இதுதான் கடைசி ஆட்டமா என்று நாலு பேர் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசினார்கள். ஒருவர் கண் கலங்கினார். நானும் கூடவே அழுதேன், எதற்கு அழுதேன் என்று தெரியாது. அந்த மைதானத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனேன், காணாமல் போனவர்கள் பட்டியலில் உன் மாமா பெயரைச் சேர்க்கச் சொல்லி. மெசேஜைப் பற்றி வாயே திறக்கவில்லை. மேஜையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தன் போனை எடுத்து உங்கள் செய்தியைக் காட்டினார். “எல்லாரையும் பத்திரமா இட்டாந்துட்டாங்கன்னு போட்டிருக்குதேம்மா, அப்புறம் எப்படி காணாமப் போனவருன்னு எழுதிக்கிறது?” என்று கேட்டார். அதை எழுதினவன் என் தம்பிதான் என்று சொல்லாமல் மனுவைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் உட்கார்ந்து என் மனுவை நாலு தடவை படித்தேன். எனக்கே அது பொய் மனு மாதிரி இருந்தது.

உன்னைக் குறை சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். உனக்கு வந்ததை நீ எழுதினாய், சரி. அனைவரும் என்று எழுதும்போது உன் மாமாவும் அதில் சேர்த்தியா என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். உன்னைத் தோளில் வைத்து மேல்சித்தாமூர்த் தேர் பார்க்கக் கூட்டிப் போனவர் அவர்.

நேற்றுச் சாயங்காலம் இன்னொரு படம் போட்டீர்கள். அதே மைதானம், புதுக் கட்டங்கள். மேலே இரண்டு கட்டம்தான் நன்றாகத் தெரிந்தது. இரண்டிலும் நாலு மூலையும் மூடியிருந்தது. கோடும் அவர் போடுகிற மாதிரி நேராக இல்லை. கீழ் வரிசையை டிக்கெட் பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஓடிய எழுத்துப் பட்டி மறைத்துக்கொண்டது, பக்கத்தில் கேப்டன் முகம். கலைப்பிரியா போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். பட்டிதான் பெரிதாகிறது. அவசரத்தில் போட்டிருப்பார், யாராவது மூடச் சொல்லி மிரட்டியிருப்பார்கள், கை வலியாக இருக்கும் என்று அவளிடம் சொன்னேன். அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள்.

உன்னிடம் இரண்டு காரியம் கேட்கிறேன். நீ எழுதிய செய்தியில் அனைவரும் என்பதை எடுத்துவிட்டு, விளையாட்டு வீரர்கள் என்று மாற்று. அது பொய்யில்லை. யார் சொன்னது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். நான் மறுபடி விழுப்புரம் போய் மனுவைக் கொடுத்துவிடுவேன். அந்தக் கட்டங்கள் எதற்கு என்று நீ எழுதுவதா வேண்டாமா என்பதை உன்னிடமே விட்டுவிடுகிறேன். எழுது என்று சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது, எழுதாதே என்று சொல்லவும் முடியவில்லை.

இன்னொன்று, பட்டி போடாத முழுப் படம் உங்கள் ஆபீசில் இருக்கும். அதை எடுத்து வைத்துக் கீழ் வரிசையைப் பார். அவசரப்படாமல் ஒவ்வொரு கட்டமாகப் பார். ஒரே ஒரு கட்டத்திலாவது மூலை விட்டிருந்தால் எனக்கு மிஸ்டு கால் கொடு, நான் புரிந்துகொள்வேன். எல்லா மூலையும் மூடியிருந்தால் போன் செய்யாதே. லீவு போட்டுவிட்டு நேரில் வா.

மாதா உன் கண்ணுக்குத் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
உன் அக்கா
லூர்துமேரி